உழைக்கிற சாமான்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. நெற்றியைப் பார்த்தோ வேட்டிக் கரையைப் பார்த்தோ இவர்களைக் கண்டுபிடிக்க முடியாது. கடைத்தெருவுக்கு வாருங்கள், காட்டுகிறேன். அதோ, குடைக் கடையில் ஒரு குடையைப் பதினோராவது தடவையாக விரித்து மடக்கிக்கொண்டிருக்கிறாரே, கம்பிகளை எண்ணி, துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஓட்டை பார்த்து, பிடியை முகர்ந்து, கடைக்காரரின் பொறுமையை எல்லாம் அரைத்துக் குடித்துவிட்டு, கடைசியில் "எல்லாம் சரி, உழைக்குமா?" என்று கேட்கிறாரே, அவர்தான். "ரெண்டு வருஷத்துக்குக் கவலையில்லை சார்" என்று கடைக்காரர் சொன்னால் தம் பரம்பரையையே யாரோ திட்டிவிட்டது போல அவரைப் பார்ப்பார். ரெண்டு வருஷமா? இவர் கேட்டது ஆயுசு.

உழைக்கிற சாமான்காரர் என்று இவருக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். ஆயுசுக்கும் உழைக்கும் என்று பார்த்துப் பார்த்து வாங்கிய சாமானை ஒரு நாளாவது உழைக்க விடுவாரா? விடமாட்டார். அதுதான் இந்த இனத்தின் முதல் லட்சணம்.

பெரிய காஞ்சிபுரத்தில் இந்த இனத்துக்கே தலைவர் என்று சொல்லத்தக்கவர் அப்பாதுரை. பிறந்தது திருப்புட்குழியில், விவசாயக் குடும்பத்தில். பிழைப்பு காஞ்சிபுரத்து அரிசி மண்டியில், எடை பார்க்கும் வேலை. குடியிருந்தது பாதி வீடுகளில் தறிச் சத்தம் கேட்கும் ஒரு தெருவில். தராசு முள்ளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணோ என்னவோ, எதைப் பார்த்தாலும் அவருக்கு உடனே குறை தெரிந்துவிடும். தெருவில் யார் வாளி வாங்கினாலும், பூட்டு வாங்கினாலும், தோல் செருப்பு வாங்கினாலும் முதலில் அவரிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். அவர் சாமானைக் காதோரம் வைத்துச் சுண்டிப் பார்ப்பார். "சத்தத்தைக் கேட்டியா? இப்பல்லாம் இந்த இரும்பு ஏதுப்பா?" என்றால் தேறியது என்று அர்த்தம். ஒன்றும் சொல்லாமல் மூக்குப்பொடி எடுத்தால் தேறவில்லை.

மழை வந்தால் அவரைப் பார்க்க வேண்டும். ஊரெல்லாம் குடையை விரிக்கும். அவர் குடையை அவசரமாக மடக்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடுவார். கேட்டால், "தலை நனைஞ்சா தொவட்டிக்கலாம். கம்பி நனைஞ்சா துரு புடிக்கும்" என்பார். பதில் சொல்ல முடிகிறதா உங்களால்?

ஐந்து செல் டார்ச் ஒன்று வைத்திருந்தார். செல் கசிந்து உள்ளே பாழாகிவிடக் கூடாதென்று, ஒவ்வொரு தடவையும் செல்களைக் கழற்றித் தனித்தனியே துணியில் சுற்றி, டார்ச்சை ஓர் அலமாரியிலும் செல்லை இன்னோர் அலமாரியிலும் வைப்பார். ஒரு தடவை பின்கட்டில் பாம்பு வந்துவிட்டது. ஐந்து செல்லையும் தேடி எடுத்துப் போட்டு அவர் வெளிச்சம் அடித்தபோது, பாம்பு வந்த வேலையை முடித்துக்கொண்டு போய் வெகு நேரம் ஆகியிருந்தது.

ஆனால் கருமி என்று மட்டும் அவரைச் சொல்லிவிடாதீர்கள். கேட்டால் கொடுப்பார். கடப்பாரை கேட்டால் கடப்பாரையோடு தாமும் வருவார். பந்தக்கால் குழி தோண்டுகிறவன் பக்கத்தில் குந்தி, "அப்படிப் போடாதே, முனை மழுங்கிடும்... ஐயோ, கல்லுல இடிக்கிறியே" என்று தவித்து, கடைசியில் தாங்க மாட்டாமல் பிடுங்கித் தாமே தோண்டி முடித்து, முனையைத் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டு போவார். தெருவுக்கு இந்தச் சூட்சுமம் பிடிபட்டு வருஷங்கள் ஆகின்றன. அந்தத் தெருவில் யாரும் குழி தோண்டக் கூலிக்கு ஆள் வைப்பதில்லை.

இதெல்லாம் சில்லறை. அவருடைய உயிர் இருந்தது பின்கட்டில். பச்சை நிற ராலே சைக்கிள், நாற்பத்தொன்பதாம் வருஷம் வாங்கியது. மகள் வடிவு பிறந்ததும் அதே வருஷம்தான். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சைக்கிள்தான் சின்னது என்பார்கள் தெருக்காரர்கள். பழைய பட்டுப்புடவை ஒன்றைப் போர்த்தி வைத்திருப்பார். வெள்ளிக்கிழமை தோறும் தையல் மெஷின் எண்ணெய், துடைக்க மல்துணி. மழைக்காலத்தில் எடுப்பதில்லை. வெயில் காலத்தில் டயர் வெடிக்குமென்று எடுப்பதில்லை. கருட சேவைக் கூட்டத்தில் எவன் முழங்கையாவது இடித்துவிடும் என்று அந்த வாரம் எடுப்பதில்லை. மிஞ்சிய நாட்களில் எடுத்தால், காலையில் நெசவுக்காரர்கள் தெரு நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டியிருப்பார்கள், இறங்கித் தள்ள வேண்டும். சேறு கண்டால் தோளில் தூக்கிக்கொள்வார். அந்தச் சைக்கிள் அவரைச் சுமந்த தூரம் அதிகமா, அவர் அதைச் சுமந்த தூரம் அதிகமா என்று மண்டியில் ஒரு விவாதமே நடந்தது.

இதுவரைக்கும் சிரித்தீர்கள். அவர் மனைவி ரேணுகாம்பாளால் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் மனுஷர் இதே கண்ணோடு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

முதலில் வந்த பையன் பேசிக்கொண்டே கைக்கடியாரத்துக்குச் சாவி கொடுத்தான். "வேளை கெட்ட வேளையில சாவி குடுக்கறவன் ஸ்பிரிங்கை அறுத்துடுவான்" என்று தள்ளிவிட்டார். இரண்டாவது பையன் வாசலில் கழற்றிப் போட்ட செருப்பில் இடது குதிகால் மட்டும் தேய்ந்திருந்தது. தள்ளிவிட்டார். மூன்றாமவன் நல்ல வேலை, நல்ல குடும்பம். பாவம், ஈரக் குடையை மடக்கி மூலையில் சாத்தினான். அவனுக்குக் காபிகூட வரவில்லை.

வடிவுக்கு இருபத்திரண்டு வயசாகிவிட்டது. அக்கம்பக்கத்தில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். தாமலிலிருந்து நாலாவதாக ஒரு வரன் வந்தபோது ரேணுகாம்பாள் கணவரைக் காமாட்சியம்மன் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"சத்தியம் பண்ணுங்க. செருப்பைப் பார்க்க மாட்டேன், கடியாரத்தைப் பார்க்க மாட்டேன், பையன் மூஞ்சை மட்டும் பார்ப்பேன்னு சொல்லுங்க. இதுவும் கைவிட்டுப் போச்சுன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். உங்க சாமானெல்லாம் உங்களுக்குச் சோறு பொங்கிப் போடட்டும்."

அப்பாதுரை சத்தியம் செய்தார். மனதாரத்தான் செய்தார். பெண் மேல் அவருக்குப் பாசம் இல்லாமலா?

தாமல்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். பையன் பரசுராமன், பம்புசெட் ரிப்பேர் செய்கிறவன். அம்மா பொன்னியம்மாள் பஸ்ஸில் வந்தாள். அப்பா பஞ்சாட்சரமும் பையனும் ஆளுக்கொரு சைக்கிளில் வந்தார்கள். அங்கேதான் வினை வந்தது. உள்ளே கேசரியும் பஜ்ஜியும் பரிமாறிக்கொண்டிருக்கும்போது அப்பாதுரையின் கண் ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போனது. சத்தியத்தில் ஜன்னலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே!

சுவரோரம் இரண்டு சைக்கிள்கள். ஒன்று கறுப்பு ஹம்பர். கண்ணாடி மாதிரி இருந்தது. மற்றொன்றைச் சைக்கிள் என்று சொல்லவே அவருக்கு வாய் வரவில்லை. சீட்டில் கோணித்துணி, பிரேக் கட்டையில் கயிறு, மட்கார்டு ஒரு பக்கம் நெளிந்து, சங்கிலி எண்ணெய் கண்டு எத்தனை பொங்கல் ஆயிற்றோ, செங்காவி நிறத்தில் தொங்கியது. எது பையனுடையது? எது அப்பாவுடையது? வந்தபோது பார்க்கவில்லையே! பஜ்ஜி அவர் தொண்டையில் இறங்கவில்லை.

"வெத்தலை வாங்கிக்கினு வந்துடறேன்" என்று எழுந்தார். ரேணுகாம்பாளின் கண் அவர் முதுகைத் துளைத்தது. முதுகுக்கு உணர்ச்சி இல்லை.

வாசலுக்கு வந்து அந்தச் சங்கிலியை ஒரு விரலால் தொட்டார். துரு விரலில் ஒட்டியது. அதற்கு மேல் அவருடைய கால்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அந்தச் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுத்துத் தள்ளிக்கொண்டு தெருமுனைக்குப் போயே போய்விட்டார். உள்ளே அதே நேரத்தில் வடிவு காபி கொண்டுவந்து நீட்டினாள். பரசுராமன் டம்ளரை வாங்கிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தான். பெரியவர்கள் காதில் விழாமல் மெதுவாகச் சொன்னான்.

"உங்கப்பா என் வண்டியைத் தள்ளிக்கினு போறாரு."

வடிவுக்கு உயிரே போய்விட்டது. "எண்ணெய் போடத்தான் இருக்கும்" என்றாள். "திருப்பிக் கொண்டாந்துடுவாரு."

வேறொருவனாக இருந்தால் கோபித்துக்கொண்டு எழுந்திருப்பான். அவன் காபி புரையேறுகிற அளவுக்குச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்துவிட்டது. அடுக்களைக்குள் போனதும் அம்மாவிடம், "எனக்கு இவர்தான்மா. அப்பாவை எப்படியாவது கட்டிப்போடு" என்றாள்.

எங்கே கட்டிப்போடுவது? அப்பாதான் கியாசுதீன் பாயின் சைக்கிள் கடையில் இருக்கிறாரே.

"வாங்கண்ணே" என்றார் கியாசுதீன். "என்னா, பரசு வண்டியை நீங்க தள்ளிக்கினு வர்றீங்க?"

"எந்தப் பரசு? தாமல் பரசுராமனா?" என்றார் அப்பாதுரை. "அப்ப இது பையன் வண்டிதானா?"

"வேற யாரோடது? இந்தச் சுத்து வட்டாரத்துல இப்படி ஒரு வண்டி இன்னொண்ணு இருக்குதா? பத்து வருஷமா நான்தான் இதுக்கு டாக்டர். மோட்டாரைப் பின்னால கட்டிக்கினு வரப்பு மேலயே ஓட்டுவான். கேட்டவங்களுக்கெல்லாம் குடுப்பான். போன ஐப்பசியில தாமல் ஏரிக்கரை அரிச்சுக்கினு போச்சே, மணல் மூட்டை அத்தினியும் இதுலதான் போச்சு. மூணு நாள் ராவும் பகலும் ஓடிச்சு."

"இப்படி ஒருத்தன் வண்டி வெச்சிருப்பானா பாய்? இவன் கையில நான் எப்படிப் பொண்ணைக் குடுப்பேன்?"

"வண்டிச் சட்டம் ஒடிஞ்சுதா பாருங்கண்ணே" என்றார் கியாசுதீன், பீடியைப் பற்றவைத்துக்கொண்டே.

அப்பாதுரைக்கு ரோஷம் வந்துவிட்டது. சட்டம் நேரா, கோணலா என்று பார்த்தே விடுவது என்று நூல் கேட்டார். கடையில் இருந்த சணல் நூலை நம்ப மாட்டேன் என்றார். எதிர்வீட்டுத் தறியிலிருந்து ஒரு பட்டிழை வாங்கிவந்து, சைக்கிளின் கழுத்தில் கட்டி, பின்சக்கரத்தின் அச்சு வரைக்கும் இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தார். பிறகு குந்தி உட்கார்ந்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, இழைக்கும் நடுக் குழாய்க்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் சுண்டுவிரலால் அளந்தார். ஒரு தடவை அளந்தார். மறுபடியும் அளந்தார். மயிரிழை பிசகவில்லை. மோட்டார் சுமந்து, மணல் மூட்டை சுமந்து, ஊரையே சுமந்து, சட்டம் ஒரு பக்கமும் சாயவில்லை.

"நேரா இருக்குது பாய்" என்றார். அவருக்கே நம்ப முடியவில்லை. "இவன் ஓட்டி ஓட்டிக் கொன்னிருக்கான். ஆனா ஒரு நாளும் கோணலா மிதிச்சதில்லை. பொண்ணைக் குடுக்கலாம்."

சரித்திரத்தில் இந்தக் காரணத்துக்காக ஒரு கல்யாணம் நிச்சயமானது அதுவே முதல் தடவையாக இருக்கும். சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, பிரேக்கை முடுக்கி, முக்கால் மணி நேரம் கழித்து வெற்றிலை இல்லாமல் வீடு திரும்பினார்.

வீட்டில் பொன்னியம்மாள் முகம் கடுகடுவென்று இருந்தது. "பொண்ணுக்கு அப்பா உண்டா, இல்லியா?" என்று அவள் கேட்டு முடிக்கவும் இவர் நுழையவும் சரியாக இருந்தது. ஆனால் கூடத்தில் பஞ்சாட்சரத்தையும் காணோம். அவர் எங்கே? கை கழுவப் போனவர் அரை மணியாகத் திரும்பவில்லை.

அப்பாதுரைக்கு ஏதோ உள்ளுணர்வு. பின்கட்டுக்கு ஓடினார். பட்டுப்புடவை ஓரமாக மடித்து வைத்திருந்தது. மடித்து வைத்த ஒழுங்கைப் பார்த்ததுமே பாதிக் கோபம் போய்விட்டது. ராலேக்கு முன்னால் பஞ்சாட்சரம் தரையில் உட்கார்ந்து, பெடலை மெல்லச் சுற்றிவிட்டு, காதைச் சக்கரத்தோரம் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"எந்த வருஷம்?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

"நாப்பத்தொம்போது."

"செயின் மாத்தினீங்களா?"

"எதுக்கு மாத்தணும்?"

பஞ்சாட்சரம் சங்கிலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வாசலில் நின்ற ஹம்பர் அவருடையது. வாங்கிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. மண்ணெண்ணெயில் துடைப்பதா, தேங்காயெண்ணெயில் துடைப்பதா என்று இரண்டு பேரும் அங்கேயே குந்தி ஆரம்பித்துவிட்டார்கள். கூடத்தில் பெண்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, இத்தனை வருஷம் தாங்கள் தனியாகப் பட்ட பாடு இன்னொருத்திக்கும் உண்டு என்று தெரிந்துகொண்டு, கால் மணியில் முகூர்த்த மாசம் வரைக்கும் பேசி முடித்துவிட்டார்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைக்கிறீர்கள், இல்லையா? ரேணுகாம்பாளும் அப்படித்தான் நினைத்தாள். கிளம்பும்போது பஞ்சாட்சரம் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"நகை நட்டு உங்க இஷ்டம் சம்மந்தி. நான் ஒண்ணும் கேக்கல. அந்தப் பச்சை வண்டியை மட்டும் பையனுக்குச் சீரா வெச்சுடுங்க."

ஏன் கேட்டார் தெரியுமா? பையனுடைய வண்டி இன்றோ நாளையோ என்று இருந்தது. அது விழுந்தால் அவன் கண் அடுத்தபடி ஹம்பர் மேல்தான் விழும். ராலே வந்துவிட்டால் ஹம்பர் தப்பிக்கும். இந்த இனத்தின் மூளை இப்படித்தான் வேலை செய்யும்.

அப்பாதுரை பின்கட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "பொண்ணைக் குடுக்கறதுல எனக்குப் பூரண சம்மதம்" என்றார். "வண்டியைப் பத்தி ஒரு வாரத்துல யோசிச்சுச் சொல்றேன்."

சொன்னவருக்கு அதில் தப்பொன்றும் தெரியவில்லை. கேட்டவளுக்குத் தெரிந்தது. கதவுக்குப் பின்னால் நின்ற வடிவு உள்ளே போய்விட்டாள்.

மறுநாளே தாமலுக்குச் சொல்லி அனுப்பினார். புது சைக்கிள், டைனமோ விளக்கு வைத்தே வாங்கித் தருகிறேன் என்றார். "புதுசா? இப்பல்லாம் அந்த இரும்பு ஏது?" என்று பதில் வந்தது. தம்முடைய வேதத்தையே எடுத்துத் தம் தலையில் போட்டால் ஒரு மனுஷன் என்ன செய்வான்? ரேடியோ என்றார். உழவுமாடு என்றார். ஒன்றும் நடக்கவில்லை. மண்டியில் இரண்டு தடவை எடையைத் தப்பாகச் சொன்னார். அதுவரை நடக்காத காரியம் அது.

ஆறாம் நாள் வடிவு பின்கட்டுக்கு வந்தாள். அப்பா மல்துணியோடு உட்கார்ந்திருந்தார்.

"நானா, வண்டியா? ஒண்ணு சொல்லிடுப்பா. நான் அழ மாட்டேன்."

"அப்படியெல்லாம் பேசாதம்மா" என்றார் அப்பாதுரை. அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. "ரெண்டையும் ஒரே எடத்துக்கு அனுப்பச் சொல்றாங்களே, அதாம்மா மனசு கேக்கல. ஒண்ணாச்சும் வீட்ல இருக்கும்னு நெனச்சேன்."

இதற்குச் சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்று வடிவுக்குத் தெரியவில்லை. அவர் கையிலிருந்த துணியை வாங்கி, எட்டாத பக்கத்து ஆரக்கால்களைத் துடைத்துக் கொடுத்தாள். மறுநாள் அவர் தாமலுக்குச் சம்மதம் என்று சொல்லி அனுப்பினார்.

வைகாசியில் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையைத் தனியே அழைத்துப் போய் உட்காரவைத்து, காற்று எவ்வளவு அடிப்பது, எந்த எண்ணெய் ஆகும், எந்த எண்ணெய் ஆகாது, வெயிலில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று விலாவாரியாகப் போதித்தார். பரசுராமன் எல்லாவற்றுக்கும் "சரிங்க மாமா" என்றான். கடைசியில், "பொண்ணைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே மாமா?" என்று கேட்டான்.

"அவளுக்கு என்ன, அவ பார்த்துக்குவா" என்றார் அப்பாதுரை. மாட்டுவண்டியில் சீர் வரிசையோடு சைக்கிளும் பெண்ணும் புறப்பட்டபோது துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். பெண்ணைப் பிரிகிற துக்கம் என்று எல்லோரும் தேற்றினார்கள். பாதி உண்மைதான்.

சம்பந்தி வீட்டுக்கு நினைத்தபோதெல்லாம் போய் நிற்க முடியுமா? மரியாதையாக இருக்காது. எப்போது ஆடி பிறக்கும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தார். புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம். போக ஒரு சாக்கு கிடைத்தது. பலகாரக் கூடையோடு பஸ் ஏறித் தாமலில் இறங்கினார். வாசலில் நின்ற வடிவு, "வாப்பா!" என்று ஓடிவந்தாள். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. கல்யாணம் அவளுக்கு ஒத்துக்கொண்டுவிட்டது என்று குருடனுக்கும் தெரிந்திருக்கும்.

"எங்கம்மா இருக்குது?" என்றார் அப்பா.

அவள் பதில் சொல்வதற்குள் அதுவே வந்துவிட்டது. பரசுராமன் ஏரிக்கரையிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தான். பின்னால் ஒரு மோட்டார் கட்டியிருந்தது. கைப்பிடியில் புல்லுக்கட்டு தொங்கியது. சக்கரத்தின் நடு வரைக்கும் களிமண். அப்பாதுரை மார்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"அருமையான வண்டி மாமா!" என்றான் மாப்பிள்ளை, இறங்கியபடியே. "ரெண்டு மாசமா காத்து மாதிரி போவுது. இருவத்திரண்டு வருஷம் இதைப் போயி சும்மா நிறுத்தி வெச்சிருந்தீங்களே!"

அப்பாதுரை மெல்ல எழுந்தார். மோட்டாரை இறக்கச் சொன்னார். ஒரு குடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் களிமண்ணைக் கழுவினார். பெடலைச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்தார். கேட்டுக்கொண்டே இருந்தார். பின்கட்டில் இருந்த காலத்தில் அது இப்படி லேசாக ஒரு நாளும் சுற்றியதில்லை. இதை அவர் யாரிடமும் சொல்லப் போவதில்லை. நமக்குத் தெரிந்தால் போதும்.

சாப்பாடு முடிந்தது. "பொண்ணு ரெடியா இருக்கா சம்மந்தி, அழைச்சுக்கினு போங்க" என்றாள் பொன்னியம்மாள்.

"வண்டியும் வருதுங்க" என்றார் அப்பாதுரை.

"வண்டியா?"

"பொண்ணு கூடச் சீராப் போனதுதானேங்க? பொண்ணு ஆடிக்குத் தாய் வீட்டுக்கு வந்தா அதுவும் வரணும். பொறந்த வீடு அதுக்கும் அதானே?"

 பஞ்சாட்சரம் மகன் கண்ணில் படாமல் அவசரமாகத் தம் ஹம்பரை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். அப்பாதுரை ராலேயைத் தெருவுக்குக் கொண்டுவந்து, காற்றை அழுத்திப் பார்த்துவிட்டு மகளிடம் திரும்பினார்.

"நீ பஸ்ல வந்துடும்மா. நான் இதை மெள்ள ஓட்டிக்கினு வந்துடறேன்."

எல்லோரும் வடிவைப் பார்த்தார்கள். அவள் துணிப்பையைக் கைப்பிடியில் மாட்டினாள். புடவையை இழுத்துச் செருகினாள். மோட்டார் இருந்த இடத்தில், கேரியரில், ஏறி உட்கார்ந்தாள்.

"எறங்கும்மா, கேரியர்..."

"தெனம் சாயங்காலம் இதுல உக்காந்து ஏரிக்கரை வரைக்கும் போயிட்டு வர்றேன்பா. அவர் கூப்புடுவாரு, ஏறிக்குவேன்" என்றாள் வடிவு. குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குச் சுருக்கென்றது. "உன்கிட்ட இருந்த வரைக்கும் ஒரு நாளு என்னை ஏத்தினியா? பள்ளிக்கூடத்துக்குக்கூட நடந்துதான் போனேன். இன்னைக்கு ஓட்டு."

  ஒரு தடவைகூட ஏற்றவில்லையா? அப்பாதுரை யோசித்துப் பார்த்தார். ஒரு தடவைகூட இல்லை. இருபத்திரண்டு வருஷமும் பக்கத்திலேயே இருந்த பெண். இதை நினைத்ததும் அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. அழுகையும் வந்தது. இந்தத் தடவை அழுகை முழுக்க முழுக்கப் பெண்ணுக்காக.

"கெட்டியாப் புடிச்சுக்கம்மா" என்று ஏறி மிதித்தார்.

ஏழு மைல். ஆடிக் காற்று எதிரே அடித்தது. முதல் மைலில் கேரியர் கிரீச்சென்றபோதெல்லாம் முதுகு கூசியது. இரண்டாவது மைலில் வடிவு மாமியார் வீட்டுக் கதைகளைச் சொல்ல ஆரம்பித்தாள். பஞ்சாட்சரம் ஹம்பருக்குத் திருஷ்டி சுற்றிய கதையில் அப்பாதுரைக்குச் சிரிப்பு வந்து வண்டி ஆடியது. அதற்குப் பிறகு கேரியர் சத்தம் போட்டதா இல்லையா என்று அவருக்கு நினைவில்லை. காஞ்சிபுரத்துக்குள் நுழைந்தபோது கியாசுதீன் கடை வாசலில் எழுந்து நின்று, கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டார். தெருவில் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

வீட்டு வாசலில் ரேணுகாம்பாள் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தாள். சைக்கிள் வந்தது. நிற்கவில்லை.

"எங்கே போறீங்க?" என்று கத்தினாள்.

"ராஜ வீதி வரைக்கும் ஒரு சுத்து!" என்று அப்பாதுரையின் குரல் தெருமுனையிலிருந்து வந்தது. "நீ அடுப்பைப் பாரு!"

நன்றாகச் சிரித்தீர்களா? சந்தோஷம். இப்போது ஒரு விஷயம் கேட்கலாமா? இந்தப் புத்தகத்துக்குப் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டது யார்? சற்று முன் யாரோ பேனா கேட்டபோது பேனாவைக் கொடுத்துவிட்டு மூடியை மட்டும் உங்கள் கையில் வைத்துக்கொண்டீர்களே, எதற்காக? பரண்மேல் பிரிக்காமல் இருக்கிற அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது? பதில் எனக்கு வேண்டாம். எழுந்து உள்ளே போய், உங்கள் சாமானில் வடிவு மாதிரி ஏறி உட்கார ஆசைப்பட்டுக் கேட்கத் தெரியாமல் இருக்கிறவர்கள் வீட்டில் யாராவது உண்டா என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். சிரிப்பின் மிச்சத்தை அப்புறம் சிரித்துக்கொள்ளலாம். அது கெட்டுப்போகிற சாமான் இல்லை.